நிதானத்துக்கு எதிரே வந்த வண்டி

புழுதிக்காற்று தொடங்கிவிட்டால் டிராம் ஷெட்டில் வண்டி கழுவுகிறவர்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. காலையில் பளிச்சென்று அனுப்பிய வண்டி, மத்தியானம் திரும்பும்போது மாவு மில்லுக்குள் போய்வந்த மாதிரி வந்து நிற்கும். ஜன்னல் கண்ணாடிப் புழுதியில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதியிருப்பார்கள். இருக்கைக்கு அடியில் ஒட்டிய சூயிங்கத்தைச் சுரண்ட ஒரு தகடு, சக்கரத்துக்கு மேலே படிந்த கறுப்பைத் தேய்க்கக் கம்பி பிரஷ், கூரைக்கு நீளக் கழி கட்டிய துடைப்பம் என்று ஆளுக்கொரு ஆயுதத்தோடு பெண்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். தூக்கிய கை வழியாகச் சோப்புத் தண்ணீர் இறங்கி அக்குள் வரைக்கும் நனைத்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் விரல் நுனியெல்லாம் எரியும்.

அந்தக் கூட்டத்தில் பெரியவள் கைதான் சுத்தம் என்று பேர். பெரியவள் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். அவளுக்கு ஒரு தங்கை, சின்னவள். தாய் தகப்பன் போன பிறகு சின்னவள் அக்கா வீட்டிலேயே வளர்ந்து, படித்து, அதே டிராம் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டதால் அந்த இரண்டு பெயர்களும் வீட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்கு வந்துவிட்டன. பெரியவளின் புருஷனுக்கு ஷெட்டே ஒரு பெயர் வைத்திருந்தது. நிதானம். அவர் டிராம் ஓட்டுகிறவர். வளைவில் அவர் வண்டி திரும்பினால், நின்றுகொண்டு வருகிற ஆளின் கையிலிருக்கும் டீ தளும்பாது என்பார்கள். எதற்கெடுத்தாலும் "நிதானம், நிதானம்" என்பது அவர் வாயில் ஊறிப்போன சொல். சொல்லிச் சொல்லி அதுவே ஆளாகிவிட்டது.

அப்பேர்ப்பட்ட ஆள் இப்போது தட்டை நகர்த்துகிற சத்தத்திலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் அந்தப் புது வண்டியால் வந்தது. பெரிய லாரியில் போர்வை மூடிக் கொண்டுவந்து இறக்கினார்கள். போர்வையை எடுத்தபோது ஷெட்டிலிருந்த ஓட்டுநர்கள் எல்லாரும் நேரே முன்பக்கம் போய்த்தான் பார்த்தார்கள். அங்கே ஓட்டுகிறவனுக்கு என்று இடமே இல்லை. அவன் உட்காரவேண்டிய இடத்தில், தெருவைப் பார்த்த மாதிரி, இரண்டு பேர் உட்காரும் பயணிகள் இருக்கை போட்டிருந்தது. நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கறுப்புக் கண்ணாடிகள். கண் என்று அதற்கு யார் பெயர் வைத்தார்களோ, அன்றைக்கே அது கண்ணாகிவிட்டது. வண்டி தானாகப் பார்த்து, தானாக ஓடி, தானாக நிற்குமாம். தூரத்தில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆபத்தென்றால் ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்குவார்கள், அவ்வளவுதான் மனுஷன் வேலை. அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிற ஆட்களில் ஒருத்தி சின்னவள்.

சூப்பர்வைசர் பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டு, மற்ற வண்டிகளை எப்படி வேண்டுமானாலும் தேய்த்துக்கொள், இதன் கண்ணில் மட்டும் சோப்புப் படக் கூடாது, உன்னைத் தவிர வேறு கையும் படக் கூடாது என்று சொல்லி, மெத்தென்ற ஒரு துணியும் ஒரு புட்டித் திரவமும் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற பெண்கள், "ஒனக்கென்னம்மா, கண் டாக்டர் ஆயிட்ட" என்று சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். வீட்டில் போய்ச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

முன்பெல்லாம் அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமிருந்ததில்லை. சின்னவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டால் தனக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்பார் நிதானம். இது எங்கக்கா வீடு, வேண்டுமானால் நீங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்பாள் அவள். இப்போது சோறு போட்டு உட்காரும்போதே வார்த்தை முட்டிக்கொண்டது. போன வருஷம் துணிக்கடை நிறுத்தத்தில் ஒரு டிராம் நிற்காமல் ஓடி, தண்டவாளத்தை ஒட்டிக் காத்திருந்த ஒரு பெண்ணின் காலை நசுக்கிவிட்டது. ஓட்டியவர் இரட்டை ஷிப்ட் பார்த்தவர், கண் அசந்துவிட்டார். சின்னவள் அதைத்தான் எடுப்பாள். இந்த வண்டிக்குத் தூக்கம் வராது மாமா என்பாள். அவனுக்கு ஏன் இரட்டை ஷிப்ட் போட்டார்கள், ஆள் எடுக்காமல் இருக்கிறவனைச் சாறாகப் பிழிந்தது யார், பிழிந்தவனை விட்டுவிட்டுப் பிழியப்பட்டவனையே வேண்டாம் என்று சொன்னால் அது என்ன நியாயம் என்று நிதானம் திருப்புவார். பெரியவளுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது. அதனால்தான் அவளுக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை.

காலி வண்டியாக ஓட்டிப் பார்த்தது முடிந்து, ஆட்களை ஏற்றி ஓட்டும் நாள் குறித்தாகிவிட்டது. ஷெட்டு வாசலில் கிளம்பி, கடைத்தெரு வழியாக, பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும். இது சரியாக ஓடிவிட்டால் அடுத்து ஒவ்வொரு தடமாக மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. ஓட்டுநர்களில் சிலரை டிக்கெட் பார்க்கப் போடுவார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

அதற்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், பெரியவள் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தபோது நிதானம் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அந்தக் கதவைச் சாத்தி அவள் பார்த்ததே இல்லை. அது பாதியில் தரையைத் தட்டி நின்றது. அவர் தூக்கிச் சாத்தினார்.

"நாளன்னிக்கு அந்த வண்டிய யாரு தொடைக்கிறது?"

"நான்தான். வேற யாரத் தொட விடுறாங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன வட்ட டப்பா ஒன்றை எடுத்து அடுப்பு மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். திறக்காமலே அவளுக்கு வாசனை தெரிந்தது. சக்கரத்துக்குப் போடுகிற கிரீஸ்.

"ஒரு விரல் போதும். அந்தக் கண்ணாடி ரெண்டுலயும் லேசா இழுத்து விட்டுடு. புழுதின்னுதான் நெனைப்பாங்க."

"விட்டா?"

"கெளம்பும். கொஞ்ச தூரம் போகும். கண்ணு தெரியலன்னு நின்னுடும். டிவிக்காரன், பேப்பர்காரன் எல்லாம் வந்திருப்பான். ஊரே பாக்கும். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது."

"நின்னுடும்னு யாரு சொன்னது?"

"கொடிக்காரர் சொன்னாரு."

கொடிக்காரர் என்பவர் சங்கத்துக்குத் தலைவர். எந்த ஊர்வலத்திலும் முன்னால் கொடி பிடித்துப் போகிறவர்.

"அவருக்கு யாரு சொன்னது?"

நிதானம் பருப்புச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீ ஒன் தங்கச்சிக்காகப் பாக்குற" என்றார்.

"ஆமா, பாக்குறேன். அது நடு ரோட்டுல நின்னா அவளத்தானே கேப்பாங்க?"

"அவளுக்குப் படிப்பு இருக்கு. வேற எங்கயும் போவா. நான் எங்க போவேன், சொல்லு. எனக்குத் தெரிஞ்சது வண்டியோட அந்த ஒரு கைப்பிடிதான்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பாள். கோபம் இல்லை. கேட்டுப் பழக்கமில்லாத ஆள் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கூசி நிற்கிற நிற்பு அது. அவர் போன பிறகு டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அப்புறம் அரிசியில் வாசம் ஏறும் என்று எடுத்து ஜன்னலில் வைத்தாள். சின்னவள் பார்த்துவிடுவாள் என்று அங்கிருந்தும் எடுத்தாள். கடைசியில் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் விடுமுறை. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, துணியை உதறிக்கொண்டே, பெரியவள் சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"அந்தக் கண்ணுல அழுக்குப் பட்டா என்னாகும்டி?"

"தானே கண்டுபிடிச்சு நின்னுடும்."

"கண்டிப்பாவா?"

"புழுதின்னா நிக்கும். மழத்தண்ணின்னா நிக்கும். எல்லாம் ஊத்திப் பாத்தாச்சு."

"எண்ண மாதிரி ஏதாவது பட்டா?"

சின்னவள் கையிலிருந்த தலையணை உறையைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். "எண்ண எங்கருந்துக்கா வரும்?"

"பட்டா என்னன்னு கேட்டேன்."

"அது பாத்ததில்ல. நிக்கலாம். நிக்காமயும் போகலாம். மங்கலா ஏதோ தெரியுதுன்னு நெனைச்சுக்கிட்டு ஓடிட்டே இருக்கலாம். எனக்குத் தெரியாது."

பெரியவள் வாயில் துணிக் கவ்விகளைக் கவ்விக்கொண்டாள். பேசாமலிருக்க அது ஒரு வசதி. சின்னவள் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. துணியெல்லாம் போட்டு முடித்து, காலி வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனவள் நின்று, திரும்பாமலே சொன்னாள்:

"நான் யாருகிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா நாளைக்கு அந்தத் திரைக்கு முன்னாடி ஒக்காந்திருக்கிறது நான்தான். அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

மறுநாள் காலையிலேயே காற்று கிளம்பிவிட்டது. ஷெட்டுக் கூரைத் தகரம் ஒன்று எங்கேயோ கழன்று அடித்துக்கொண்டே இருந்தது. புது வண்டியை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தி, கம்பெனிப் பெரியவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு முதுகில் புழுதி விழ நின்றார்கள். ஏற வந்த ஜனம் வரிசையில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களே பாதிப் பேர். பெரியவள் சின்ன ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்ச் சாத்தினாள். டப்பா இடுப்பில் உறுத்தியது.

நிதானம் அங்கே இல்லை. தெருக்கோடியில், கடைத்தெரு தொடங்குகிற நாற்சந்தியில், ஓட்டுநர்கள் சீருடையோடு பதாகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். இங்கிருந்து பார்த்தால் நீலப் புள்ளிகளாகத் தெரிந்தது. ஷெட்டிலிருந்து நாற்சந்தி வரைக்கும் தண்டவாளம் கோடு இழுத்த மாதிரி நேர்.

அவள் ஏணியில் ஏறி, யாரும் பார்க்காத பக்கமாக உடம்பைத் திருப்பி, டப்பாவைத் திறந்தாள். ஒரு விரலை வைத்தாள். வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தது. அவர் கூசி நின்ற நிற்பு கண்ணுக்குள்ளேயே இருந்தது. தடவிவிடலாம் என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தாள். அதைப் பிற்பாடு அவள் மறைக்கவில்லை.

"அக்கா."

கீழே அவர்கள் தெருத் தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். நிறைமாதம். வயிற்றுக்கு மேலே கைப்பையை வைத்துப் பிடித்திருந்தாள். டாக்டரிடம் காட்டப் போகிறாள்.

"ஆளே இல்லாம ஓடுமாமேக்கா. ஏறவா, பஸ்ஸுக்குப் போகவான்னு ரோசனையா இருக்கு." சொல்லிவிட்டுப் பெரியவள் நிற்கிற இடத்தை நன்றாகப் பார்த்தாள். "நீங்களா தொடைக்கிறீங்க? அப்ப சரி."

சரி என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஏறிப் போய், முன்னால் ஓட்டுகிறவன் இடத்தில் போட்டிருந்த இருக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் பெரியவள்.

பெரியவள் டப்பாவை மூடினாள். விரலை இடுப்பில் கட்டியிருந்த முன்கச்சையில் அழுத்தித் துடைத்தாள். மெத்துத் துணியை எடுத்து, புட்டித் திரவத்தைத் தெளித்து, ஒரு கண்ணை, பிறகு மறு கண்ணை, ஓரங்களில் நகத்தால் துணியைச் செலுத்தி, தன் முகம் தெரிகிற வரைக்கும் துடைத்தாள். இறங்கி ஏணியை எடுத்துக்கொண்டு விலகினாள். கழுவு தண்ணீர் போகிற சாக்கடையில் டப்பாவைப் போட்டாள்.

கதவுகள் மூடின. வண்டி கிளம்பியது. மணிச் சத்தம் இல்லை, கைப்பிடி திருகுகிற சத்தம் இல்லை. வீட்டைவிட்டுச் சொல்லாமல் போகிற ஆள் மாதிரி போனது. டிவிக்காரர்கள் பக்கத்திலேயே ஓடினார்கள். வாசலில் வேலை பார்க்கிற பாவனையில் நின்ற இரண்டு ஓட்டுநர்கள், இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. ஒருவன் திரும்பிப் பெரியவளைப் பார்த்தான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது என்று அந்தப் பார்வையில் அவளுக்கு விளங்கியது. சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும் போல.

வண்டி பாதித் தெருவைத் தாண்டியபோது, நாற்சந்தியில் நின்ற நீலப் புள்ளிகளில் ஒன்று நடைபாதையைவிட்டு இறங்கியது. அவசரமில்லாத நடை. தண்டவாளத்துக்கு நடுவே வந்து, வண்டி வருகிற பக்கம் திரும்பி நின்றது.

அந்த நடை அவளுக்குத் தெரியும்.

ஏணியைப் போட்ட இடம் தெரியாமல் அவள் ஓடினாள். ரப்பர் பூட்ஸ் கணுக்காலில் இடித்துக்கொண்டு பின்னுக்கு இழுத்தது. காற்று எதிர்க்காற்று. புழுதி ஒரு சுற்றுச் சுற்றி எழுந்து தெருவையே மூடியது. எல்லாம் துடைத்தாயிற்று, பளிச்சென்று இருந்தது, நிற்கும் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அப்போதுதான் விரல் ஞாபகம் வந்தது. கிரீஸ் தொட்ட விரல். முன்கச்சையில் துடைத்தோமே, சரியாகப் போயிற்றா, அதே விரலால்தானே துணியை ஓரத்தில் செலுத்தினோம். ஓடிக்கொண்டே விரலை மூக்கில் வைத்தாள். வாசனை இருந்தது. கிரீஸ் வாசனை கழுவினாலும் லேசில் போகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இருந்தது. தண்ணீர் பட்டால் நிற்கும், புழுதி பட்டால் நிற்கும், எண்ணெய் பட்டால் தெரியாது. "தெரியாது" என்று சொன்ன தங்கச்சியின் குரல் காதில் கேட்டது. கத்த நினைத்தாள். வாயைத் திறந்ததும் மண் நிறைந்தது.

புழுதி விலகியபோது வண்டி நின்றுகொண்டிருந்தது.

ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற தூரம் மிச்சம் இருந்தது. அடித்துப் பிடித்து நிற்கவில்லை. உள்ளே ஒருவரும் முன்னால் சரியவில்லை. தையல்காரி கைப்பையைக்கூட இறுக்கிப் பிடிக்காமல், எதிரே நிற்கிற ஆள் யாரென்று அடையாளம் தெரிந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வண்டியிலிருந்து, கடைகளில் கேட்டுப் பழகிய மாதிரி ஒரு பெண் குரல், பாதையில் தடை இருக்கிறது, தயவுசெய்து காத்திருக்கவும் என்று இனிமையாகச் சொன்னது. சற்று விட்டு மறுபடி சொன்னது.

நிதானம் அசையவில்லை. கொடிக்காரர் நடைபாதையிலிருந்து கோஷம் போட்டார். கூட இருந்தவர்களும் போட்டார்கள். வண்டி பாட்டுக்கு நின்றது. எவ்வளவு நேரமானாலும் நிற்பேன் என்பது போல நின்றது. கோஷம் கொஞ்சங்கொஞ்சமாகச் சுருதி இறங்கியது. அப்போது கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். தட்டியது வண்டிக்கு. பிறகு நிறையப் பேர் தட்டினார்கள்.

கை தட்டுகிற சத்தத்தில் நிதானத்தின் தோள் மெல்ல இறங்கியதைப் பெரியவள் பார்த்தாள். மூச்சு வாங்கப் போய்ப் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. இத்தனை பேர் முன்னால் கையைப் பிடித்து இழுத்தால் அவர் தாங்கமாட்டார் என்று தெரியும்.

"வாங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் வண்டியின் நெற்றியைப் பார்த்தார். அவள் துடைத்த துடைப்பில், அத்தனை புழுதிக்குப் பிறகும் மங்காத கண்ணாடியில் அவர் முகமே சின்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். தண்டவாளத்தைவிட்டு இறங்கினார். வண்டி சிறிது பொறுத்து, பாதை காலிதான் என்று தெரிந்துகொண்டு, கடைத்தெருப் பக்கம் போயிற்று.

காவலாளிகள் அவரைக் கம்பெனி ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி மத்தியானம் விட்டுவிட்டார்கள். திட்டவில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள். காரணம் சாயங்காலம் டிவியைப் போட்டபோது தெரிந்தது. அவர் தண்டவாளத்தில் நிற்பதையும் வண்டி எதிரே வந்து பூப்போல நிற்பதையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வேண்டுமென்றே குறுக்கே வந்து நின்ற ஆளுக்கே நிற்கிறது என்றால், தெரியாமல் வந்த குழந்தைக்கு நிற்காதா என்று கோட்டுப் போட்ட ஒருவர் கேட்டார். லட்சம் செலவழித்து விளம்பரம் எடுத்திருந்தாலும் இப்படி வந்திருக்காது.

கொடிக்காரர் வந்தார். வாசற்படிக்கு மேல் ஏறவில்லை. யாரைக் கேட்டு இறங்கினாய், அது கெட்டு நிற்க வேண்டுமென்று பார்த்தால் நல்லபடியாக நிற்கும் என்று நீயே நிரூபித்துக் கொடுத்துவிட்டாயே என்றார். பேசிக்கொண்டே ஒருமுறை பெரியவளையும் பார்த்தார். கேட்கவேண்டியதைக் கேட்காமலே போனார்.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் சின்னவள் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிதானம் நாற்காலியில் அதே சீருடையோடு உட்கார்ந்திருந்தார். தலைமுடியெல்லாம் மண்.

"வா, சாதிச்சுட்டீங்க" என்றார். "பொத்தான நீதான அமுக்கின? இல்ல, அதுவா நின்னுச்சா?"

சின்னவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று புரியவில்லை. பிறகு சொன்னாள்.

"அமுக்கல மாமா. திரையில மொதல்ல யாரோ ஆளுன்னுதான் தெரிஞ்சுது. கை பொத்தான் மேலதான் இருந்துச்சு. கிட்ட வந்ததும் மூஞ்சி தெரிஞ்சுது. நீங்கன்னு தெரிஞ்சதும் கை வரல. அப்படியே செத்துப் போச்சு. அமுக்கு அமுக்குன்னு மனசு சொல்லுது, கை வரல. அது நின்ன பெறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு." அழவில்லை. குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. "வேற எவனாவது குறுக்க வந்திருந்தா அமுக்கியிருப்பேன். ஒங்களுக்குத்தான் வரல."

நிதானம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒரு இறுக்கம் விட்டது.

"உள்ள வாம்மா" என்றார். "கை வராதுதான். எனக்கும் ஒரு தடவ ஒரு சைக்கிள்காரன் குறுக்க வந்தப்ப வரல. அவனா விழுந்து பொழச்சான்." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "நிக்காதுன்னு நெனைச்சுத்தான் எறங்கினேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. எனக்கென்னவோ, நிக்கும்னு தெரியும். பாத்துடணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நானா இருந்தாலும் அவ்வளவு அலுங்காம நிறுத்தியிருக்க மாட்டேன்."

பெரியவள் சமையலறை நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒருத்தன் திட்டல" என்றார். "நான் வண்டி ஓட்டுறப்ப எவனாவது இப்படிக் குறுக்க வந்து நின்னா, எறங்கி வந்து அவன் சட்டையப் புடிச்சு உலுக்கியிருப்பேன். சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா, வீட்ல யாரும் இல்லையாடான்னு கேட்டிருப்பேன். அது தயவுசெய்து காத்திருக்கவும்னுது. அவ்வளவுதான். நான் யாராயிருந்தா என்ன, கல்லாயிருந்தா என்ன. தடை."

"கண்ண நான் நல்லாத் தொடைச்சேன்" என்றாள் பெரியவள். "ஒங்க டப்பாவச் சாக்கடையில போட்டேன்."

"தெரியும். அது நிக்காம வந்தப்பவே தெரியும்."

"என்ன தெரியும்? என்ன தெரியும் ஒங்களுக்கு?"

அதற்கு மேல் அவள் நிறுத்தவில்லை. அவள் குரல் அந்த வீட்டில் அதுவரை அந்த உயரத்துக்குப் போனதில்லை. விரலில் கிரீஸோடு நான் தெருவில் ஓடியது உங்களுக்குத் தெரியுமா என்று தொடங்கினாள். ஓரத்தில் ஒரு இழுப்பு மிச்சம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், என் கையாலேயே உங்களைக் கொன்றுவிட்டு நான் எந்தக் கையால் சோறு தின்றிருப்பேன், இவள் திரையில் அதைப் பார்த்துவிட்டு எப்படி உயிரோடிருப்பாள், உள்ளே ஒரு பிள்ளைத்தாச்சி உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கு என்ன பதில் என்று கேட்டுக்கொண்டே போனாள். வாழ்க்கையில் 'ங்க' போடாமல் புருஷனிடம் பேசியிராதவளுக்கு அது எங்கே உதிர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாகுறதுக்கு அந்த வண்டிதான் கெடச்சுதாயா ஒனக்கு? வீட்ல நாங்க ஒருத்தரும் இல்லையா? வேல போச்சுன்னா போகட்டும். நான் ரெண்டு வண்டி சேத்துத் தேய்ப்பேன். நீ வீட்ல ஒக்காந்து பருப்பு கடைஞ்சு போடு. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். நிதானம் நிதானம்னு ஊருக்கெல்லாம் சொன்னியே, ஒனக்கு எங்கய்யா போச்சு?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் நடந்துபோன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நிதானம் அசையாமல், முகத்தை அவளுக்கு நேராக நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். மண் படிந்த கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடு இழுத்திருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

பெரியவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றாள்.

தெரு முழுக்கக் கேட்கிறதே என்று சின்னவள் போய் வாசற்கதவைப் பிடித்தாள்.

"தெறந்தே இருக்கட்டும்" என்றார் அவர்.